காற்று கசியும் சத்தம்

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் காணாமல் போய்விடுவார். எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், கையில் டீ கிளாஸ் இருக்கும், கண் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை மட்டும் மெல்ல இடப்பக்கம் சாயும். அதற்கு மேல் நாம் சொல்வது எதுவும் அவருக்குள் இறங்காது. "சித்த பேசாம இருங்க" என்பார். நாம் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் அதே பேச்சுதான். எங்கோ ஒரு குழாயில் காற்று கசிகிறது, அது அவரைக் கூப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். சூடான டீயின் ருசி தெரியாமலே இந்த மனுசன் வாழ்ந்துவிட்டார் என்று எங்கள் கேன்டீன்காரம்மா சொல்வார்.

நான் வேலை பார்க்கும் நூற்பாலை தருமபுரியிலிருந்து தொப்பூர் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. அங்கே கம்ப்ரசர் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோருக்கும் அவர் காத்துக்காரண்ணன். நூற்பாலை என்றால் வெளியில் இருப்பவர்களுக்குப் பஞ்சும் நூலும்தான் நினைவுக்கு வரும், காற்று வராது. ஆனால் நூலைக் கோனில் சுற்றும் மெஷினில் நூல் அறுந்தால், அழுத்தமான காற்றை ஒரு நொடி அடித்துத்தான் இரண்டு நுனிகளும் ஒட்டவைக்கப்படும். அந்தக் காற்றைக் கம்ப்ரசர் அமுக்கிப் பெரிய டேங்கில் அடைத்து வைக்கும். டேங்கிலிருந்து ஷெட் கூரையடியில் ஓடும் குழாய்கள் வழியாக அது மெஷின் மெஷினாகப் போகும். வழியில் எத்தனையோ இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் அவருக்குச் சந்தேகத்துக்குரிய ஆள்.

"காத்து சும்மா வருதுன்னு நெனச்சுக்கிறாங்க. கரண்ட்டத் தின்னுட்டு வருது அது" என்பார்.

வாரத்தில் ஆலை நிற்கும் நாள்தான் அவருக்குத் திருநாள். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுவார். காற்றை யாரும் எடுக்காதபோது டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசர் அடங்கிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி உறுமினால், எங்கேயோ காற்று போகிறது. அப்போது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். கசியும் காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்குக்கும் தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். குழாயோடு கூடவே காதை நகர்த்திக்கொண்டு போவார். ஓரிடத்தில் நிற்பார். உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோவார். பிறகு, பலநாள் திருடனைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி திருப்தியோடு, "ஆப்டுக்கிச்சு" என்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணிக் கிழிசலை எடுத்து அந்த இடத்தில் கட்டுவார். மறுநாள் ஃபிட்டர் வந்து இணைப்பைச் சரிசெய்துவிட்டுத் துணியை அவிழ்ப்பார். இதுதான் எங்கள் ஆலையின் வழக்கம்.

அடக்கமான ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காதைப் பற்றி அவருக்கு அத்தனை பெருமை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சமையல் கொட்டகையில் எந்த சிலிண்டரின் வாஷர் போயிருக்கிறது என்று சொல்வார். யாராவது பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தால் எந்தச் சக்கரம் நாளைக்குக் காலையில் தட்டையாகி நிற்கும் என்று சொல்வார். சொன்னது பலித்தால் அதை ஒரு வாரம் பேசுவார். பலிக்காவிட்டால் அந்த ஆள் ராத்திரியில் காற்று அடித்திருப்பான் என்பார். பெண்கள் எல்லாம் சேர்ந்து, "அண்ணனுக்குக் காத்து கருப்பு எதுவும் அண்டாதுங்க, வர்றப்பவே கேட்டுரும்" என்று கேலி செய்வோம். கோபித்துக்கொள்ளமாட்டார். அதையும் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இதையெல்லாம் ஒரு கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், எனக்கு அது நடக்கும்வரை.

அப்போது நான் இப்போதிருக்கும் உதிரிபாக ஸ்டோருக்கு வரவில்லை, கோன் மெஷினில்தான் இருந்தேன். மதிய ஷிப்ட். அறுந்த நூலைக் கவனித்துக்கொண்டு நின்றவளை யாரோ பின்னாலிருந்து, சேலைமேல் போட்டிருந்த மில் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் காத்துக்காரண்ணன். என்ன வார்த்தை சொல்லித் திட்ட வாயெடுத்தேனோ, இப்போது நினைவில்லை. அதற்குள் தலைக்கு மேலிருந்த காற்று ஹோஸ் அதன் பிடியிலிருந்து கழன்றது. அடிபட்ட பாம்பு மாதிரி துள்ளியது. அதன் இரும்பு முனை என் முகம் இருந்த இடத்தில் பாய்ந்து, மெஷின் மூடியை நெளித்துவிட்டு, திரும்பும்போது என் புருவத்தைக் கீறிக்கொண்டு போனது. அவர் ஓடிப்போய் வால்வை மூடினார். வந்து குந்தி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணத் தொறம்மா. தொற. நான் தெரியறனா?"

"தெரியறீங்கண்ணா."

"எந்தப் பக்கம் இருக்கறன்?"

"நேரா இருக்கீங்கண்ணா."

அங்கேயே, பஞ்சுத் தூசியில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பிறகு பல நாள், வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக என்னிடம் வந்து புருவத்தைப் பார்த்துவிட்டுப் போவார். காயம் ஆறித் தழும்பான பிறகும் வருவார். எதற்கு இத்தனை கரிசனம் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு முந்தி அவர் வேலை பார்த்த ஆலையில் ஓர் ஆளுக்கு இதே மாதிரி ஹோஸ் கழன்று கண் போயிருக்கிறது. அந்தக் கசிவை முதல் நாளே கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போகும் நேரம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

"கேட்டுட்டு சும்மா இருந்துட்டம்மா" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் ஏன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலம் போகிற வழியில் வேனை அங்கே நிறுத்தினோம். பக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. இவர் தலை சாய்ந்தது. நேராக லாரிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார்.

"பின்னாடி பிரேக் லைன்ல காத்து போவுதுங்க."

"போனா போவுது. நீங்க யாரு?"

"இறக்கத்துல நாலு தடவ மிதிச்சா காத்து தீந்துரும். அப்பறம் பிரேக் புடிக்காது."

டிரைவர் கையைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இவர் வண்டிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேட்டியும் சட்டையும் கல்யாணத்துக்காக எடுத்த புதுசு. கூட்டம் கூடிவிட்டது. டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவழியாகக் கடைக்காரர் வந்து சமாதானம் பேசி, கிளீனர் அடியில் புகுந்து பார்த்து, ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லும்வரை இவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்தில் நாங்கள் தாலி கட்டு பார்க்கவில்லை. நேராகப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அந்த இறக்கத்தில் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் அன்றைக்கு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

அவர் வீட்டம்மா தையல்காரி. அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். ஜாக்கெட் தைத்து மிஞ்சும் துணிகளில் சிவப்பை மட்டும் தனியாக ஒரு பையில் போட்டு வைப்பார். அதுதான் ஆலைக்கு வரும். "எல்லாப் பொம்பளைங்களுக்கும் புருசன் பூ வாங்கியாந்து குடுப்பான். நான் என் புருசனுக்குக் கிழிஞ்ச துணி குடுத்தனுப்பறன்" என்பார். சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருக்கும். குழந்தை இல்லாத வீடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே காலத்தை ஓட்டினார்கள்.

நான் ஸ்டோருக்கு மாற்றலாகி வந்த பிறகு எல்லோருக்கும் காதடைப்பான் கொடுக்கும் வேலை என்னுடையது. மெஷின் சத்தத்தில் காது கெடாமல் இருக்க ரப்பரில் செய்தது. எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். இவர் மட்டும் என் மேஜைமேல் திருப்பி வைத்துவிடுவார்.

"காத அடைச்சுக்கிட்டு எதக் கேக்கறதும்மா?"

"கம்ப்ரசர் பக்கத்துல நாள் பூரா நிக்கறீங்க. காது என்னத்துக்கு ஆவுமுங்கண்ணா?"

"அது கத்தறத நான் கேக்கறதில்ல. அதுக்குப் பின்னாடி இருக்கறதத்தான் கேக்கறன்."

காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கேட்க விரும்பாததையும் அது வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இதை நாங்கள் தெரிந்துகொண்டது பிற்பாடுதான்.

ஒரு வருடம் நிர்வாகம் கசிவு கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வாங்கியது. துப்பாக்கி மாதிரி இருக்கும், கூடவே தலையில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய கசிவையும் அது பிடித்து, நமக்குக் கேட்கிற சத்தமாக மாற்றிக் கொடுக்கும். திரையில் கோடுகள் ஏறி எவ்வளவு கசிகிறது என்று காட்டும். கருவி வந்தால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தோம். நடந்தது நேர்மாறு. புது மாப்பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கேன்டீன் குக்கருக்கு அதைக் காட்டினார். வாட்ச்மேனின் சைக்கிளுக்குக் காட்டினார். ஹெட்போனை என் தலையில் மாட்டி, "கேளு, கேளு, நமக்குத் தெரியாம எவ்ளோ போவுது பாரு" என்று காட்டினார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச காலம் இருந்தது.

பிறகு அடிக்கடி ஸ்டோருக்கு வந்து பேட்டரி கேட்க ஆரம்பித்தார். போன வாரம் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டால், டூப்ளிகேட் பேட்டரி என்பார். ஹெட்போனில் சத்தம் கேட்கிறது, திரையில் கோடு ஏறமாட்டேன் என்கிறது, பேட்டரியில்தான் கோளாறு என்பார். புதுசு கொடுத்தேன். அதையும் குறை சொன்னார். கம்பெனி மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் கருவியே வீண் என்று என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பழையபடி ஏணியும் காதும்.

அதற்கப்புறம் சிவப்புத் துணிகள் பெருகின. ஷெட்டுக்குள் நுழைந்தால் அம்மன் கோயில் வேப்பமரம் மாதிரி கூரையெல்லாம் சிவப்பாகத் தொங்கியது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர்தான் அவற்றைச் சரிசெய்யும் ஆள். அவர் என்னிடம் வந்து மாற்று இணைப்புகள் வாங்கிப் போக வேண்டும். துணி பெருகப் பெருக, அவர் பொருள் வாங்க வருவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் நிறுத்திக் கேட்டேன்.

"என்னான்னு சொல்றதுங்கக்கா" என்றார். "அவரு கட்டன எடத்துல ஒண்ணுமே இல்ல. சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தன், ஒரு கொப்புளம் கெளம்பல. கழட்டிப் பாத்தா புதுசாட்டம் இருக்குது. அவருகிட்டப் போயி இல்லன்னு சொல்ல வாய் வருதுங்களா? தொணிய அவுத்துட்டு, சரி பண்ணிட்டங்கண்ணான்னு சொல்லிடறன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"போயி நின்னு கேக்கறாரு. இன்னும் வருதுங்கறாரு. மறுபடியும் கட்டறாரு."

அந்த வாரமே நான் என் கண்ணால் பார்த்தேன். கோன் மெஷின் வரிசையில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஓர் இணைப்பு உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அது எனக்கே கேட்டது, நூல் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்டது. ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். இவர் அதற்கு நேர் கீழே நடந்து, அதைத் தாண்டிப் போய், சத்தமே இல்லாத ஒரு குழாய்க்கடியில் நின்று தலையைச் சாய்த்தார். "ஆப்டுக்கிச்சு" என்று சொல்லி ஏணியைச் சாத்தினார். அவர் மேலே ஏறியதும் ஓடிப்போய் ஃபிட்டரைக் கூப்பிட்டு, சீறுகிற இணைப்பைக் காட்டினேன்.

அண்ணி போன் செய்தார். "ஏங்கண்ணு, உங்க மில்லுல அத்தன ஓட்டையா? பையில இருந்த துணியெல்லாம் தீந்துபோச்சு. நேத்து என்னோட நல்ல சீலயில முந்தானயக் கிழிச்சுட்டு வந்துட்டாரு. கேட்டா, யாரோ ஒருத்தருக்குக் கண்ணு போயிரும்டிங்கறாரு. தூங்கறதில்ல, சாப்புடறதில்ல. என்னான்னு சொல்லு." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

மறுநாள் அவரே ஸ்டோருக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அந்த ஃபிட்டர் பையன் பொய் சொல்றாம்மா. சரி பண்ணிட்டன் பண்ணிட்டன்ங்கறான். ஒண்ணும் பண்ணல. எல்லாப் பக்கமும் வருது. எந்த ஹோஸு எப்ப கழலும்னு தெரியல. அத்தன பொண்ணுங்க நிக்கறாங்க அங்க." என் புருவத்தைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லும்மா அவனுக்கு. நான் கேட்டுட்டு சும்மா இருக்க முடியாது."

நானும் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? உங்கள் காதில்தான் கோளாறு என்று, அந்தக் காதால் என் கண்ணைக் காப்பாற்றியவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? நாங்கள் எல்லோரும் அவர்மேல் வைத்திருந்த பிரியத்தால்தான் மூடி மறைத்தோம். அந்தப் பிரியம் அவரை ஒவ்வொரு நாளும் பயத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலை முழுசாக அடங்குவது அந்த ஒருநாள்தான். மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கரண்ட்டை நிறுத்திவிடுவோம். கம்ப்ரசரும் ஓடாது. டேங்கைக் கழுவுவதற்காக அதன் அடி வால்வைத் திறந்து உள்ளிருக்கும் காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடுவார்கள். எப்போதும் அவர் செய்யும் அந்த வேலையை, அந்த வருடம் ஃபிட்டரே செய்துவிட்டிருந்தார். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் தயாராக இருந்தது. பெண்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள். அவர் மட்டும் பூஜைக்கு நிற்காமல் கோன் மெஷின் வரிசையில், வழக்கமான குழாய்க்கடியில் நின்றிருந்தார்.

"இங்க வாங்க. எல்லாரும் வாங்க" என்றார். "இன்னிக்கு ஒரு சத்தமும் இல்லல்ல. இப்ப கேளுங்க. யாரு பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சுரும்."

குருவி ஒன்று கூரைக்குள் சிறகடித்தது, அவ்வளவுதான்.

"கேக்குதா?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஃபிட்டர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அண்ணா, டேங்கு காலிங்கண்ணா. காத்தே இல்லீங்க."

அவர் ஃபிட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கம்ப்ரசர் ரூமுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். காற்றழுத்தம் காட்டும் கேஜில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கட்டைவிரலால் அதை வழித்துவிட்டுப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. கண்ணாடியை நகத்தால் தட்டினார். அசையவில்லை. குனிந்து, திறந்திருந்த வால்வு வாயில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். எழுந்து நின்றார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். பிறகு இரண்டு கையாலும் இரண்டு காதுகளையும் இறுக்க மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். ஒரு கசிவை எப்படித் தேடுவாரோ அப்படியே, அத்தனை கவனமாக, தனக்குள் தேடினார்.

"ஆப்டுக்கிச்சும்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணை மட்டும் திறந்து, கையை எடுக்காமலே கேட்டார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி குரல் உரக்க வந்தது.

"அப்ப பைப்புல எங்கயும் இல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவாது?"

"ஆவாதுங்கண்ணா."

"அதான வேணும்" என்றார். டேங்கில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்திருந்தது. தன் காது போய்விட்டது என்று தெரிந்த அந்த நேரத்தில், அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பூஜை முடிந்ததும் ஏணியை எடுத்துவரச் சொல்லி, தான் கட்டிய துணிகளைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பட்டுச்சேலைக்காரப் பெண்கள் கீழே நின்று வாங்கிக்கொண்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அண்ணியின் முந்தானைத் துண்டுகளை மட்டும் தனியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தருமபுரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இந்த இரைச்சல் இனி நிற்காது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அவர் அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. நிர்வாகம் வேறு இடம் கொடுக்கிறோம் என்றது. வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டொரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பேசுவது பாதிதான் புரிந்தது அவருக்கு. ஃபேனைப் போட்டு, டிவியைப் போட்டு, அண்ணியைத் தையல் மெஷினையும் ஓட்டச் சொல்லி, அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். வெளியில் சத்தம் இருந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் அமுங்குகிறதாம். அமைதிக்கு அலைந்த மனிதர். ஒரு தடவை டீ கொடுத்தார் அண்ணி. அவர் அதைச் சூடாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"இப்பவும் கேக்குதுங்களாண்ணா?" என்று உரக்கக் கேட்டேன்.

"வந்துட்டேதான் இருக்குது. இதுக்கு வால்வு எங்க இருக்குதுன்னு தெரியலியேம்மா" என்று சிரித்தார்.

அப்படியே சில வருடம் ஓடியது. போன மாசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். நாங்கள் போனபோது பந்தல் போட்டாயிற்று, மேளக்காரர்கள் வந்து தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் சாவென்றால் மேளம் அதிராமல், வெடி வெடிக்காமல் எடுக்கமாட்டார்கள். முதல் அடி விழுந்ததும் அண்ணி உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"நிறுத்துங்க" என்றார். "மோளம் வேணாம். வெடி வேணாம். குடுக்கறத வாங்கிட்டு அவங்க போவட்டும்."

பங்காளி ஒருவர், "அதெப்படிங்க, அநாதப் பொணமா இது? ஊரு என்ன பேசும்?" என்று எகிறினார்.

"ஊரு பேசட்டும். அத்தன வருசமா அந்த மனுசன் காதுல ஒரு நிமிசம் சும்மா இருக்கலீங்க. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துட்டு அழுவாரு, நிறுத்துடி நிறுத்துடின்னு. நான் எதப் போயி நிறுத்துவன்? இன்னிக்குத்தான் நின்னுருக்குது. சித்த பேசாம இருங்க."

அந்த வார்த்தை அவர் வார்த்தை. மேளக்காரர்கள் தப்பட்டையைக் கழற்றி வைத்தார்கள். ஒப்பாரி வைக்க உட்கார்ந்திருந்த பெண்களும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பாடையைத் தூக்கினார்கள். செருப்பில்லாத கால்கள் மண்ணில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நெடுஞ்சாலை ஓரம்வரைதான் பெண்கள் போகலாம். சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடை ரோட்டைக் கடக்க வந்தபோது, பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று மரியாதையாக நின்றது. நின்ற லாரியின் பிரேக்கிலிருந்து காற்று உஸ்ஸென்று நீளமாக வெளியேறியது. ஆலைக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் லாரியைப் பார்க்காமல் பாடையைப் பார்த்தோம். மாலைக்கு நடுவில் அவர் முகம் வானத்தைப் பார்த்தபடி நேராகவே இருந்தது.

அண்ணியின் பிடி இறுகியது.

"தல சாயலியே கண்ணு" என்றார். அதுவரை அழாமல் இருந்தவர், அப்போதுதான் அழுதார்.